பிள்ளைக்கு பேட்டரி சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

"அண்ணா, பாப்பாவுக்கு லைசென்ஸ் வேண்டாம்ல?" சேலம் குகைப் பகுதியில் இருக்கிற என் சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் விலைக்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் பாப்பாவின் வயதில் இல்லை, வண்டியில் இருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்வது இது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே. பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இதை அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் பார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். பெடல் மிதித்து ஓட்டும் வகை என்றால், 25-ஐத் தொடும்போதும் மிதிப்பதை நிறுத்தும்போதும் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். ஒன்று தவறினாலும் அத்தனையும் வேண்டும்.

ஃபிரேமில் '250 வாட்' என்று ஒட்டியிருப்பதை நம்பி முடிவு செய்யாதீர்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையம் கொடுத்த சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் பெயரும் உங்கள் வண்டியின் மாடல் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பில்லில் வாட்டும் வேகமும் எழுதி வாங்குங்கள். நகல் இல்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

அப்புறம், "ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் நாற்பதில் போகும்" என்று சொல்வார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றிய நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடும் உங்கள் கையிலிருந்துதான். ஐந்து ரோட்டு நெரிசலில் இரண்டு நிமிடம் முந்திப் போவதற்காக இதெல்லாம் வேண்டாம்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் வாங்கித் தருகிறேன் என்றாலும் விவரம் கேளுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 750 வாட் வரை சைக்கிள் கணக்கில் வரும். அதே வண்டி இங்கே மோட்டார் வாகனம். பேட்டரியை விமானத்தில் கையோடு கொண்டுவரவும் முடியாது. பேட்டரியில் தேங்கும் சக்தியை வாட் அவர் (Wh) என்ற அளவில் சொல்வார்கள்; பயணிகள் விமானத்தில் 160 வாட் அவருக்கு மேல் அனுமதி இல்லை, சைக்கிள் பேட்டரி அதைவிடப் பெரியது.

சரி, வண்டியைப் பார்ப்போம். கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கச் சொல்லி ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். சக்கரம் சுற்றும்போது பிரேக் பிடியை மெதுவாக அழுத்துங்கள். பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் முன்பே மோட்டார் சத்தம் அடங்க வேண்டும். இடது பிடியில் ஒரு முறை, வலது பிடியில் ஒரு முறை தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பயத்தில் பிள்ளை எந்தக் கையை அழுத்தும் என்று யாருக்குத் தெரியும்? மோட்டார் தள்ளிக்கொண்டே இருந்தால் எந்த பிரேக்கும் சிரமப்படும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது சாவியை அணைக்கவும் பழக்குங்கள். கை பட்டாலே பாய்ந்துவிடும்.

ஏற்காடு போகலாமா என்பது அடுத்த கேள்வி. கொஞ்சம் கணக்கு போடுவோம். அடிவாரத்திலிருந்து மேலே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ என்றால், அந்த உயரம் ஏற மட்டுமே கிட்டத்தட்ட 260 வாட் அவர் வேண்டும். மோட்டாரில் வீணாவது தனி. 36 வோல்ட், 7.5 ஆம்பியர் அவர் பேட்டரியில் முழு சார்ஜில் இருப்பதே 270தான். மிதிக்காமல் போனால் இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் நின்றுவிடும், மோட்டாரும் கொதிக்கும். இறக்கம்தான் எனக்கு இன்னும் கவலை. ஏறச் செலவான அந்தச் சக்தியில் பெரும்பகுதி இறங்கும்போது பிரேக்கில் சூடாக வர வேண்டும். பல மாடல்களில் சக்கரம் தனியாக உருளும், மோட்டார் இழுத்துப் பிடிக்காது. அதனால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நடுவில் நிறுத்தி ஆறவிட்டு இறங்க வேண்டும். பள்ளிப் பிள்ளையை நான் தனியாக அனுப்ப மாட்டேன். கன்னங்குறிச்சி வரை போய்வரட்டும், போதும். ஹெல்மெட் இந்த சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை, என்றாலும் அது இல்லாமல் தெருமுனைக்குக்கூட விடாதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் நம் ஊர் வீடுகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. 2022-இல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு மின் வண்டி பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புச் சோதனையை அந்த டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கினார்கள். அது மோட்டார் வாகனங்களுக்கு. சைக்கிளுக்கு நாம்தான் காவல். அம்மாபேட்டை, குகை பக்கம் நூலும் சேலையும் அடுக்கிய அறையிலோ, செவ்வாய்ப்பேட்டையில் கேஸ் வைத்து கொலுசு பட்டறை நடக்கிற அறையிலோ சார்ஜ் போடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழேயும் வேண்டாம், தீ பிடித்தால் வெளியே வர வழி இருக்காது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியை நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் போடாதீர்கள். அடுத்த வீட்டு சார்ஜரை வாங்கிச் செருகவே கூடாது: 36 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர், 48 வோல்ட்டுக்கு 54.6. செருகும் முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே போகும் மின்சாரம் வேறு. சார்ஜர் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

பேட்டரி உப்பினாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ, தண்ணீரில் மூழ்கினாலோ மறுபடி சார்ஜ் போடாமல் வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு. வாங்கும்போதே, யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு பில்லில் குறித்துக்கொள்ளுங்கள்.