மதுரை வானத்தில் வளையமும் வண்ணமும்: போனில் படமெடுத்து அடையாளம் காண்பது எப்படி?

சூரியனைச் சுற்றி வளையம் தெரிந்தால் அன்று முழுக்க அந்தப் படம்தான் ஊரில் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றும். எடுத்தவருக்கு அது என்ன என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. மொட்டைமாடியும் சாதாரண போனும் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுதான்: பெயரைத் தேடுவதற்கு முன் கோணத்தை அளந்துவிட வேண்டும். சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வண்ணம் சூரியனிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற இரண்டும் கையில் இருந்தால் பெயர் தானாக வந்து நிற்கும்.

எப்போது பார்ப்பது

ஆனி, ஆடி மாதங்களில் மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் மேகங்களைக் கவனியுங்கள். கீழே உள்ள பஞ்சு மேகங்கள் தென்மேற்குப் பருவக்காற்றோடு மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அவற்றுக்கு வெகு உயரத்தில் மெல்லிய கீற்று மேகங்கள் நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே நகரும். வங்கக் கடல் பக்கத்து இடிமேகங்களின் உச்சியிலிருந்து கிழக்குக் காற்றோட்டம் இழுத்துவரும் பனித்துகள்கள் அவை. வளையம், வில், பக்கச் சூரியன் எல்லாம் அந்தப் பனித்துகள்களில்தான் உண்டாகின்றன. ஒரே வானத்தில் இரண்டு திசை ஓட்டத்தைப் பார்த்த நாளில் போனைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் வேட்டை வேறு. பிற்பகலில் கார்திரள் மேகம், அதாவது இடிமேகம், மளமளவென்று வளரும்போது அதன் தலைமேல் வழவழப்பான தொப்பி ஒன்று உட்காரும். இதற்குப் பைலியஸ் என்று பெயர். சில நிமிடங்களில் மேகம் அதைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும். மழை ஓய்ந்த பிறகு மேலே விரிந்து நிற்கும் மேகக் கூரையின் அடியில் மடி மடியாகத் தொங்குவது மம்மாட்டஸ். அந்தி வெளிச்சம் கீழிருந்து படும்போது அதை எடுத்தால் அருமையாக வரும். ஒரே நிபந்தனை, இடி கேட்டால் மாடியை விட்டு இறங்கிவிடுங்கள். படம் இன்னொரு நாள் கிடைக்கும்.

நாகமலை, சமணர் மலைப் பக்கம் போகிறவர்கள் மேற்கு அடிவானத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மலையைத் தாண்டி வரும் காற்று அலையாக ஏறி இறங்கும். ஏறும் இடத்தில் மேகம் உருவாகும், இறங்கும் இடத்தில் கரையும். அதனால் காற்று பலமாக அடித்தாலும் லென்ஸ் வடிவ மேகம் நின்ற இடத்திலேயே நிற்கும். பத்து நிமிடம் கழித்தும் அதே மலை உச்சிக்கு மேல் இருக்கிறதா என்பதுதான் சோதனை.

படம் எடுப்பது

முதலில் சூரியனை மறையுங்கள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, தெருவிளக்கு, மாடிப்படிக் கூரை எது வேண்டுமானாலும் சரி. கண்ணுக்கும் பாதுகாப்பு, படத்திலும் வெள்ளையடிக்காது. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் வியூஃபைண்டரில் கண் வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. லைவ் வியூ போட்டுத் திரையில் பாருங்கள்.

மேகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். பிறகு வெளிச்சத்தை ஒன்று அல்லது ஒன்றரை படி குறைத்துவிடுங்கள். போன் தானாக நிறத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். மங்கலான வளையத்தின் நிறம் உண்மையில் எந்த வரிசையில் இருந்தது என்பதை அது குழப்பிவிடும்.

லென்ஸ் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: வைட்தான். வழக்கமான வளையத்தின் குறுக்களவு 44 டிகிரி. போனின் முதன்மைக் கேமராவில் சூரியனை நடுவில் வைத்தால் அது பட்டும் படாமல் அடங்கும். அல்ட்ரா வைடில் வளையத்துக்கு வெளியே இருக்கும் வில்களும் சேர்ந்து கிடைக்கும். டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 கிட் லென்ஸ் என்றால் 18லேயே வைத்திருங்கள். விலை கூடிய ஜூம் லென்ஸ் இந்தப் பொழுதுபோக்குக்குத் தேவையில்லை.

எடுத்தவுடன் போனை லேசாக இப்படி அப்படி ஆட்டிப் பாருங்கள். வண்ணப்புள்ளி மேகத்தோடு ஒட்டி நிற்காமல் திரையில் தனியாக ஓடினால் அது லென்ஸுக்குள் சிதறிய வெளிச்சம். வானத்தில் ஒன்றும் இல்லை.

கோணம் அளப்பது

புதிதாக வருபவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையை முழுக்க நீட்டி விரல்களை நன்றாக விரியுங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண், ஏறக்குறைய 20 முதல் 22 டிகிரி. மூடிய கைமுட்டியின் அகலம் 10 டிகிரி. கட்டைவிரலால் சூரியனை மறைத்துச் சாணை விரித்தால், சுண்டுவிரல் நுனி வளையத்தில் தொட வேண்டும். தொட்டால் அது 22 டிகிரி ஒளிவட்டம். பெரிய ஆளுக்குக் கையும் நீளம், சாணும் நீளம். அதனால் பள்ளிப் பிள்ளைகள் அளந்தாலும் கணக்கு அதிகம் மாறாது.

அடுத்து சூரியனின் உயரம். ஒரு மீட்டர் கம்பைச் சமதரையில் நேராக நிறுத்தி நிழலை டேப்பால் அளங்கள். நிழல் 62 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் சூரியன் 58 டிகிரிக்கு மேல் இருக்கிறது. நிழல் 160 செ.மீ.யைத் தாண்டினால் 32 டிகிரிக்குக் கீழே. இந்த இரண்டு எண்களையும் கம்பிலேயே எழுதி வைத்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டு அழகான வில்களுக்கு இவைதான் எல்லை.

சூரியன் 32 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது, அதாவது மதுரையில் ஏறத்தாழ காலை எட்டரைக்கு முன்னும் மாலை நாலு மணிக்குப் பின்னும், சூரியனுக்கு மேலே இரண்டு சாண் தள்ளி, தலைக்கு மேல் கவிழ்த்துப்போட்ட வானவில் மாதிரி ஒன்று வரலாம். உச்சி சூழ் வில் என்று வைத்துக்கொள்வோம். அண்ணாந்து பார்க்காதவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

58 டிகிரிக்கு மேல் இருந்தால் சூரியனுக்குக் கீழே இரண்டு சாண் தள்ளி, அடிவானத்துக்கு இணையாகப் படுத்த மாதிரி ஒரு வண்ணப்பட்டை வரலாம். இணையத்தில் ‘நெருப்பு வானவில்’ என்று சுற்றுவது இதுதான். நெருப்பும் கிடையாது, மழைத்துளியும் கிடையாது, பனித்தகடுகள்தான். லண்டனில் சூரியன் அந்த உயரத்துக்கு ஏறுவதே கோடையில் சில வாரங்களுக்குத்தான். நமக்கோ டிசம்பர், ஜனவரியில் சில வாரங்களைத் தவிர ஆண்டு முழுக்க வாய்ப்பு உண்டு, பெரும்பாலான மாதங்களில் சுமார் பத்தேகால் மணியிலிருந்து இரண்டேகால் வரை. இதற்காகவே மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் வெளியே வரலாம்.

திசையில் ஒரு சூட்சுமம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிப்பொழுதில் சூரியன் மதுரைக்கு வடக்கே நிற்கும். ஆகவே ஆடி மதியத்தில் இந்தப் பட்டையை அழகர்மலைப் பக்கம், அடிவானத்திலிருந்து மூன்று கைமுட்டி உயரத்தில் தேடுங்கள். மாசி, ஐப்பசியில் தெற்கே தேட வேண்டும். உச்சிப்பொழுது என்பதும் இங்கே சரியாக 12 மணிக்கு இல்லை, சராசரியாக 12.17க்கு.

கம்பு கையில் இல்லையென்றால் படமெடுத்த நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட ஆப்பில் கொடுத்தால் சூரியனின் உயரம் வந்துவிடும். படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் ஆப்களை நான் நம்புவதில்லை. ஸ்டெல்லேரியமும், உலக வானிலை அமைப்பு 2017இல் புதுப்பித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மேக அட்லஸும் எனக்குப் போதும்.

அடிக்கடி மாறிப்போகிறவை

நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இரண்டு வேறு விஷயங்களுக்குப் பொருந்தும். நிலாவை ஒட்டி, சில டிகிரிக்குள், வெளி விளிம்பு செம்மையாக இருந்தால் அது கரோனா. மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகள் செய்யும் வேலை. ஒரு சாண் தள்ளிப் பெரிய வட்டமாக, உள்விளிம்பு செம்மையாக இருந்தால் ஒளிவட்டம். ‘அகல் வட்டம் பகல் மழை’ என்பது இந்தப் பெரியதைத்தான். மழை மேகத்துக்கு முன்னால் பனித்திரை வருவது உண்டு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கோ தூரத்து இடிமேகத்தின் கீற்றும் நம் தலைக்கு மேல் வந்து வட்டம் போடும், ஆகவே அதை நம்பிக் காயப்போட்ட வற்றலை எடுக்க வேண்டாம்.

சூரியன் தாழ்ந்திருக்கும்போது இடமும் வலமும் அதே உயரத்தில் மின்னும் பொட்டுகள் சன்டாக், முன்பு சொன்ன பக்கச் சூரியன். சூரியன் ஏற ஏற அவை வளையத்தை விட்டு வெளியே நகர்ந்து, 60 டிகிரிக்கு மேல் காணாமல் போகும். சூரியனுக்குப் பக்கத்து மேக விளிம்பில் ஒழுங்கில்லாமல் இளஞ்சிவப்பும் பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது இரிடசென்ஸ். இதற்குக் கோணம் தேட வேண்டாம்.

மங்கலான வளையத்தை எடுத்துக்காட்ட கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் அன்ஷார்ப் மாஸ்க் ஃபில்டர் போட்டு, ரேடியஸைப் பெரிதாக வையுங்கள். நிறச்செறிவைத் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுப் படம் அனுப்பியவர்கள் மூலம் இரண்டு சிக்கல்கள் தெரியவந்தன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படமெடுத்த நேரம் அழிந்துவிடுகிறது. நேரம் இல்லாமல் சூரியனின் உயரத்தைக் கணக்கிட முடியாது. அதனால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், எந்தத் திசை பார்த்து எடுத்தீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

காருக்குள்ளிருந்து கண்ணாடி வழியாக எடுத்த படங்களில் வண்ணத் திட்டுகள் கண்ணாடியிலிருந்தே வரலாம், முக்கியமாகப் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்க்கும்போது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள்.