சிறையில் வகுப்பு ரத்தாகாமல் நடத்துவது எப்படி

சிறையைக் கல்விக்கும் மறுவாழ்வுக்கும் உரிய இடமாக மாற்ற முனையும் நிர்வாகிகள் பலர் வகுப்பறை கட்டுவதிலும் பாடத்திட்டம் வகுப்பதிலும் தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் கைவைக்க வேண்டியது அன்றாடக் கால அட்டவணையில்தான். ஆள் கணக்கெடுப்பு, உறவினர் சந்திப்பு, நீதிமன்றப் பயணம், மருத்துவப் பரிசோதனை, பட்டறை வேலை ஆகிய அனைத்தும் வகுப்பு நேரத்தின் மீதே வந்து விழுமானால், எவ்வளவு தேர்ந்த ஆசிரியரும் வெற்று இருக்கைகளுக்கே பாடம் சொல்ல நேரிடும். ஆகவே ஒரு மாத காலம், எந்த வகுப்பு எந்தக் காரணத்தால் நடக்கவில்லை என்று குறிப்பேட்டில் பதிந்து வாருங்கள். காவலர் பற்றாக்குறை என்ற காரணமே திரும்பத் திரும்ப வந்தால், சிறைவாசிகளை வகுப்புக்கு அழைத்துச் செல்வதற்கென்றே சிலரை ஒதுக்கி, அந்த நேரத்தில் அவர்களை வேறு பணிக்கு அனுப்பக் கண்காணிப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்று விதியுங்கள்.

அடுத்தது கூலி. பட்டறையில் உழைப்பவருக்குக் கூலி உண்டு, படிப்பவருக்கு இல்லை என்ற நிலையில், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் படிப்பைத் தேர்ந்தெடுக்க மாட்டார். அவருக்கு ஆர்வமில்லை என்று சொல்வது நியாயமன்று. 2006-இல் ஏற்கப்பட்ட ஐரோப்பியச் சிறை விதிகள், கல்விக்கு வேலையைவிடத் தாழ்ந்த இடம் தரக் கூடாது என்றும், படிப்பதால் எவருக்கும் பண இழப்பு நேரக் கூடாது என்றும் கூறுகின்றன.

சிறைக்கு வந்த முதல் சில வாரங்களுக்குள், ஒவ்வொருவரின் எழுத்தறிவு, மொழி, கற்ற தொழில், போதைப் பழக்கம், மனநலம் ஆகியவற்றைத் தனிமையில் கேட்டறியுங்கள். பலர் முன்னிலையில் கேட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவர் தமக்கு விருப்பமில்லை என்றுதான் சொல்வார். கண் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். அக்கறையின்மை என்று பதிவாவது சில வேளைகளில் மூக்குக் கண்ணாடி இல்லாத குறை மட்டுமே. சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. பொதுச் சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 104-ஆவது விதி, எழுத்தறிவற்றோருக்கும் இளையோருக்கும் கல்வியைக் கட்டாயமாக்குவதோடு, விடுதலைக்குப் பின்னும் தொடரத்தக்க வகையில் அது இயன்றவரை நாட்டின் பொதுக் கல்வி முறையோடு இணைந்திருக்க வேண்டும் என்கிறது. எனவே சான்றிதழை வெளியிலுள்ள கல்வி அமைப்பே வழங்கட்டும். அதில் சிறையின் பெயர் இடம்பெற வேண்டாம். ஒருவரை வேறு சிறைக்கு மாற்றும்போது அவருடைய படிப்புப் பதிவேடும் உடன் செல்லட்டும். குறுகிய காலமே இருக்கப்போகும் விசாரணைக் கைதிகளுக்கு, சில வாரங்களில் முடியும் சிறு பாடப் பகுதிகளே பொருந்தும்.

ஆசிரியர்களைச் சிறைத் துறையே பணியமர்த்தாமல் வெளியிலிருந்து வரவழைப்பது நல்லது. நார்வேயில் சிறைக்குள் கல்வி, மருத்துவம், நூலகம் ஆகிய சேவைகளை வெளியில் அவற்றை வழங்கும் பொது அமைப்புகளே வழங்குகின்றன. அங்கே சிறை அலுவலர் பயிற்சியும் இரண்டு ஆண்டுகள் நீடிக்கிறது. குற்றம் செய்தவனுக்கு இலவசப் படிப்பா என்ற மனக்குறை காவலர்களிடம் இருந்தால் அதை அறிவுரையால் போக்கிவிட முடியாது. அதே பாடங்களை அவர்களும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்வதே நேர்மையான பதில் என்பது என் கருத்து.

ஊக்கத்துக்குத் தண்டனைக் குறைப்பைப் பயன்படுத்தலாம். பிரேசிலில் 2012-இல் கூட்டாட்சிச் சிறைகளுக்கு வகுக்கப்பட்ட திட்டத்தில், ஒரு நூலைப் படித்து அதுபற்றி எழுதிக் காட்டினால் தண்டனையில் 4 நாள் குறையும். ஆண்டுக்கு 12 நூல்கள், அதாவது 48 நாட்கள் வரை. ஆனால் எழுதத் தெரியாதவரை இத்தகைய ஏற்பாடு வெளியே நிறுத்திவிடும் என்பதால், எழுத்தறிவு வகுப்பில் கழித்த மணிநேரங்களுக்கும் அதே சலுகையை அளியுங்கள்.

தொழிற்பயிற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும்: குற்றப் பதிவு உள்ளவருக்கு உரிமம் மறுக்கப்படும் தொழிலைக் கற்பிக்காதீர்கள்.

நிதி கேட்கும்போது, 2013-இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு துணைநிற்கும். சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் குற்றத்தில் சிக்கும் விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 13 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று அது கணக்கிட்டது. எனினும் தாமாக முன்வந்து படிப்பவர்கள் இயல்பிலேயே மாற விரும்பியவர்களாக இருக்கலாம். ஆகவே உங்கள் சிறையின் பலனை அளக்கும்போது, வயதிலும் குற்றத்தின் தன்மையிலும் ஒத்த, வகுப்புக்கு வராதவர்களோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

விடுதலைக்கு ஆறு மாதங்கள் முன்பே அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, தங்குமிடம், தொடர்ந்து படிப்பதற்கான சேர்க்கை ஆகியவற்றை முடித்துவிடுங்கள். விடுதலை நாளையும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வெளியேறுபவருக்குத் திங்கள்வரை எந்த அலுவலகமும் திறந்திராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்காகவே 2023-இல் சட்டம் இயற்றி, அத்தகையோரை இரண்டு வேலைநாட்கள் வரை முன்னதாகவே விடுவிக்க வழிசெய்தார்கள்.