வால்வெள்ளியின் கருவை வெளிச்சத்தால் அளப்பது

வால் அழகாக இருக்கும்போது கரு, அதாவது நடுவிலுள்ள திடமான பனிக்கட்டி, தெரியாது; தூசி மூடிவிடும். அதனால் வால்வெள்ளி வியாழன் சுற்றுப்பாதைப் பக்கம் ஒதுங்கி வெறும் புள்ளியான பிறகுதான் படம் எடுப்பேன். பக்கத்து நட்சத்திரத்தைவிடப் புள்ளி கொஞ்சம் பருத்திருந்தாலும், தூசி இன்னும் இருக்கிறது என்று அன்றைய அளவைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

கிடைத்த பொலிவெண்ணை (பிரகாசத்தைச் சொல்லும் எண்; மங்க மங்க இது பெரிதாகும்), வால்வெள்ளியிலிருந்து சூரியனும் பூமியும் 1 வானியல் அலகில், அதாவது பூமி–சூரியன் சராசரித் தொலைவில், இருப்பதாக வைத்துத் திருத்துங்கள். வால்வெள்ளியிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள கோணத்துக்கு டிகிரிக்கு 0.04 கழிப்பது என் வழக்கம். விடை 16 என்று வந்ததா? அதை 5-ஆல் வகுத்தால் 3.2. பத்தின் அடுக்காக 3.2-ஐப் போட்டால் 1585. கரு கரியைப் போலக் கறுப்பு, விழும் ஒளியில் சுமார் 4 சதவீதமே திருப்பும் என்று கொண்டால், 6645-ஐ 1585-ஆல் வகுக்க வேண்டும். விட்டம் 4.2 கிலோமீட்டர்.

கரு ஒரு சுற்றுச் சுழல எவ்வளவு நேரம் என்று அறியப் பல இரவுகள் படம் எடுக்க வேண்டும். நீண்ட கரு ஒரு சுற்றில் இரண்டு தடவை பிரகாசிக்கும். இதை மறந்து ஒருமுறை 6 மணி நேரம் என்று எழுதிவைத்தேன், உண்மையில் 12! ஏற்ற இறக்கம் 0.5 பொலிவெண் என்றால் நீளம் அகலத்தைப்போல் குறைந்தது 1.6 மடங்கு.

முன்பு அளந்த சுழற்சி நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். சுர்யுமோவ்–கெராசிமென்கோ என்ற வால்வெள்ளி 2015-ல் சூரியனை நெருங்கிப் போனதில் அதன் சுழற்சி நேரம் ஏறத்தாழ 20 நிமிடம் குறைந்துவிட்டது.