ஜீன்ஸ் அழகாக வெளுக்க என்ன செய்யலாம்

மற்ற துணிக்குச் சாயம் வெளுத்தால் அவமானம், டெனிமுக்கு மட்டும் அதுதான் அழகு. ஆனால் ஆலையிலேயே வெளுக்கவைத்து விற்கிற ஜீன்ஸில் எல்லாருக்கும் ஒரே இடத்தில் ஒரே கோடுதான்; உங்கள் தொடை எங்கே மடிகிறது என்று அந்தக் கோட்டுக்கு என்ன தெரியும்? உங்களுக்கே உரிய கோடு வேண்டுமானால், தைத்த பிறகு ஒரு முறைகூட அலசாத ரா டெனிமிலிருந்து தொடங்க வேண்டும்.

இது ஏன் வெளுக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் நீலம், குறுக்கே போகும் ஊடை நூல் வெள்ளை. அந்த நீல நூலும் முழு நீலமில்லை. அந்த நீலச் சாயமான இண்டிகோ தண்ணீரில் கரையாது. ரசாயனம் சேர்த்துக் கரையவைத்து, நூலை முக்கி, வெளியே எடுத்துக் காற்று பட்டதும்தான் நீலமாகிறது. இப்படிப் பல தடவை முக்கினாலும் சாயம் நூலின் மேற்பரப்போடு நின்றுவிடும், உள்ளே வெள்ளை அப்படியே இருக்கும் (நைந்த ஓரத்தில் ஒரு நூலை உருவி வெட்டிப் பாருங்கள், தெரியும்). போதாததற்கு இண்டிகோ பருத்தியோடு இறுக்கமாகப் பிணைவதும் இல்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் எங்கே உராய்கிறதோ அங்கே நீலம் உதிர்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கும்.

வாங்கும்போது நூறு சதவீதப் பருத்தியாகப் பாருங்கள். இழுபடுகிற எலாஸ்டேன் கலந்திருந்தால் மடிப்பு நிற்காமல் நிமிர்ந்துவிடும், கோடும் மங்கலாகத்தான் விழும். எடை, அதாவது ஒரு சதுர கெஜத் துணி எத்தனை அவுன்ஸ் என்பது, முதல் ஜீன்ஸுக்கு 12 முதல் 14 வரை போதும். 21 அவுன்ஸ் வாங்கிவிட்டு உட்காரவே யோசிக்க வேண்டாம். சான்ஃபரைஸ் செய்யாத, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்காத துணி தண்ணீர் பட்டால் நன்றாகவே சுருங்கும், அதை மட்டும் போட்டுக்கொள்ளும் முன்பே ஒரு தடவை ஊறவைத்துக் காயவையுங்கள். இடுப்பும் தொடையும் தொளதொளவென்று இருந்தால் கூர்மையான மடிப்பு எதுவும் வராது.

அப்புறம் என்ன, போட்டுக்கொண்டே இருங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், முதல் சில வாரங்களில் விழும் மடிப்பை அதுதான் பிடித்து வைக்கிறது, பிறகு அதே மடிப்பின் முகடு திரும்பத் திரும்பத் தேய்ந்து கோடாகிறது. தொடையின் மேற்பகுதியில் பூனை மீசை மாதிரி விரியும், முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி வரும். காலின் நீளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கணுக்காலில் அடுக்கடுக்காக மடியும். போனையோ பர்ஸையோ ஒரே பாக்கெட்டில் வைத்தால் அதன் ஓரமும் அச்சாகிவிடும். இஸ்திரி மட்டும் போடாதீர்கள். உப்புத்தாளால் தேய்த்து அவசரப்படுத்துகிறவர்களும் உண்டு, அதற்கு வெளுத்ததையே வாங்கிவிடலாம்!

துவைக்கவே கூடாது என்பார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. நானும் ஒரு ஜீன்ஸை ஏறக்குறைய ஒரு வருடம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தேன், கோடுகள் பிரமாதம், கடைசியில் ஒருநாள் குனியும்போது தொடையிடுக்கில் கிழிந்தது. வியர்வையும் நுண்ணிய மண்ணும் நூலை அரித்துக்கொண்டே இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் சுத்தமாகும் என்பதும் சும்மா, கிருமிகளில் பெரும்பாலானவை குளிரில் சாவதில்லை. தினமும் போட்டால் மூன்று, நான்கு மாதம் பொறுக்கலாம். வாடை வந்தால் அன்றைக்கே துவைத்துவிடுங்கள்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் நீளவாக்கில் படுக்கப் போட்டு, ப்ளீச்சும் வெண்மையூட்டியும் இல்லாத திரவச் சோப்பு கொஞ்சமாக விட்டு ஊறவைத்தால் போதும். முறுக்கிப் பிழிந்தால் நீங்கள் கேட்காத கோடெல்லாம் வரும். நிழலில் தொங்கவிடுங்கள், ட்ரையர் வேண்டாம்.

புதிதில் நீலம் எதிலும் ஒட்டும், வெள்ளை ஷூவும் வெளிர்நிற சோஃபாவும் ஜாக்கிரதை. அவ்வப்போது தொடையிடுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நூல் மெலிந்திருந்தால் கிழிவதற்கு முன்பே உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.