வாழைச் சீப்பின் வெட்டுவாயைக் கவனியுங்கள்

திருவையாறு பக்கம் பூவன் தார் வெட்டுகிறவர்களுக்கு இது. பழுக்கும்போது தோலில் பரவும் கரும்புள்ளி, தோட்டத்திலேயே காயில் ஒட்டிய பூஞ்சையின் வேலை. காய் பச்சையாக இருக்கும்வரை அது உறங்கிக் கிடக்கும். சீப்பின் காம்புகள் ஒன்றுசேரும் கொண்டையில் வரும் அழுகலோ, தாரிலிருந்து சீப்பை வெட்டிய இடமான வெட்டுவாய் வழியாக நுழைகிறது. ஆகவே கத்தி கூர்மையாக, கழுவியதாக இருக்கட்டும்.

பிரித்த சீப்பை வெட்டுவாய் கீழே இருக்கும்படி வாழையிலையில் வையுங்கள்; பால் காயில் படாமல் வடிந்துவிடும். பிறகு நல்ல நீரில் அலசுங்கள். பூஞ்சையைத் தடுக்க, 100 கிராம் துளசி இலையை அரைத்து 1 லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, அதில் சீப்பை 5 நிமிடம் முக்கி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் செய்ததெல்லாம் வீண்.

இதற்கான வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சோற்றுக்கற்றாழை. மடலை வெட்டியதும் வரும் மஞ்சள் நிறச் சாற்றை வடியவிட்டு, உள்ளிருக்கும் வழவழப்பான சோற்றை மசித்து வெட்டுவாயிலும் காயிலும் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலமாகக் காய்ந்து, பழுப்பதையும் சற்றுத் தள்ளிப்போடும். கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களுக்கு வீரியம் அதிகம்தான். அளவு மீறினால் தோல் கருகும், வாசனையும் பழத்தில் ஏறும்.

எதைச் செய்தாலும் வெட்டிய அன்றே செய்யுங்கள். உள்ளே புகுந்துவிட்ட அழுகலை இவை ஆற்றாது.