டபுள் ஹைட் ஹாலை மூடி அறை எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

திருநெல்வேலியில் பெருமாள்புரம், தியாகராஜ நகர், கே.டி.சி. நகர் பக்கம் புதிதாக எழுந்த மாடி வீடுகள் சிலவற்றில் ஹாலுக்கு மேலே தளம் கிடையாது. தலைக்கு மேல் இருபது அடி வெற்றிடம், மாடியில் கைப்பிடி போட்ட பால்கனி. இதைத்தான் டபுள் ஹைட் ஹால் என்கிறார்கள். வீடு கட்டும்போது ஆசையாக விட்ட இடம். அப்புறம் பிள்ளைகள் வளர்ந்து தனியாகப் படிக்க இடம் கேட்கிறார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குகிறார்கள். மேலே மூடிவிட்டால் ஓர் அறை கிடைக்குமே என்று தோன்றுகிறது. தோன்றுவதில் தப்பில்லை. சுற்றிலும் சுவர் இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது, தரை மட்டும்தானே பாக்கி என்று நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அந்தத் தரையின் எடையை முதலில் பாருங்கள். 12-க்கு 15 அடி இடத்தில் 5 அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் அதுவே 5 டன்னுக்கு மேல் வரும். டைல்ஸும் அதன் அடிக்கலவையும் ஒன்றரை டன்னைத் தாண்டும். ஆட்கள், கட்டில், பீரோவுக்காக வீட்டு அறைகளுக்கு இந்தியத் தரநிலை சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கு வைக்கச் சொல்கிறது. அது 3 டன்னுக்கு மேல். ஆக மொத்தம் 10 டன். இதை யார் சுமக்கப் போகிறார்கள் என்பதற்குப் பதில் தெரியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

“அண்ணாச்சி, கவலையே படாதீங்க. மூணு பக்கமும் செவுத்துல காடி வெட்டி, இந்தப் பக்கம் பால்கனியோட சேத்துக் கம்பியக் கட்டிப் போட்டுருவோம்” என்று கொத்தனார் சொல்வார். இந்த ஒரு பேச்சுக்குள் இரண்டு பெரிய தவறுகள் இருக்கின்றன.

முதலாவது அந்தப் பால்கனி. ஹாலை எட்டிப் பார்க்கிற மாடி நடை பெரும்பாலும் கான்டிலீவர். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம், மறுபக்கம் அந்தரம். நாலு பேர் நின்று பேசவும் கைப்பிடியைத் தாங்கவும்தான் அதற்குக் கம்பி கட்டியிருப்பார்கள். புதுத் தளத்தை அதன் நுனியில் ஏற்றினால், எந்த இடத்தில் எடை விழுந்தால் அது மிக அதிகமாக வளையுமோ அங்கேயே டன் கணக்கில் வைக்கிறோம். விரிசல் மேல்பக்கம், பிடிமானத்தை ஒட்டி விழும். மேலே டைல்ஸ் இருப்பதால் கண்ணுக்கே தெரியாது.

இரண்டாவது சுவர். தூண், பீம் வைத்துக் கட்டிய வீட்டில் செங்கல் சுவர் வெறும் மறைப்புதான். டபுள் ஹைட் பகுதியில் மாடி மட்டத்தில் பீமே ஓட்டாமல் விட்டிருக்கலாம். சுவரில் காடி வெட்டித் தளத்தை ஏற்றினால் அந்த எடை முழுக்க அடியில், தரைமட்டத்தில் ஓடுகிற பிளின்த் பீமுக்குப் போகும். அது அந்தச் சுவரை மட்டும் தாங்கப் போட்டது.

அதனால் முதல் செலவு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு. வீடு கட்டியபோது வாங்கிய கம்பி வரைபடம் இருந்தால் தேடி எடுத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் கம்பியைக் காட்டுகிற ஸ்கேனர் வைத்தும் பார்க்கலாம். அவர் அஸ்திவாரத்தையும் கேட்பார்; சலித்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் அவர் கான்கிரீட் தளமே வேண்டாம் என்று சொல்லலாம். தூணுக்குத் தூண் இரும்பு விட்டம் போட்டு, டெக் ஷீட் எனும் மடிப்பு இரும்புத் தகட்டை விரித்து, அதன்மேல் மெல்லிய கான்கிரீட் கொட்டலாம். அல்லது சிமெண்ட் ஃபைபர் போர்டைப் பதிக்கலாம். எடை நன்றாகக் குறையும். என்னைக் கேட்டால், குடியிருந்துகொண்டே செய்கிற வேலைக்கு இதுதான் சரி.

கைப்பிடி இருந்த பக்கம் எழுப்புகிற சுவரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்குப் போனால், ஒரு மீட்டர் நீளமே 700 கிலோவுக்குக் குறையாது. உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த ஏ.ஏ.சி. பிளாக் செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடைதான்.

புதுத் தளத்தையோ பீமையோ இணைக்கப் பழைய பீமில் புதுக் கம்பியைச் சொருகும் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். துளை போட்டதும் தூசியை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். துளையின் அடியிலிருந்து எபாக்ஸிப் பசையை நிரப்பி, கம்பியைத் திருகிக்கொண்டே இறக்க வேண்டும். இறுகும்வரை யாரும் தொடக்கூடாது. தூசியோடு பசையை விட்டால் கம்பி தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். சிமெண்ட் பாலை ஊற்றிச் சொருகுவது வேலையே அல்ல.

புதுக் கான்கிரீட்டைத் தாங்க ஹாலில் முட்டு நிற்பது சங்கடம்தான். அதற்காகச் சீக்கிரம் பிரிக்கச் சொல்லாதீர்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன்படி நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். 6 மீட்டர் வரையான பீமுக்கு 14 நாள். நம் ஊர் வெயிலில் பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் கீழே ஒழுகும், எனவே சோபாவை முதலிலேயே அப்புறப்படுத்திவிடுங்கள்.

அடுத்தது வெக்கை. அந்த வெற்றிடம் சும்மா இருக்கவில்லை. ஹாலில் சூடாகும் காற்று மேலேறி மாடி ஜன்னல் வழியாக வெளியேற அதுதான் வழி. சித்திரை, வைகாசியில் அதை முழுக்க மூடினால் கீழே புழுக்கம். புது அறையோ மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருந்து வேகும். படிக்கட்டை ஒட்டி ஒரு பட்டையைத் திறந்தே விடுங்கள். மொட்டை மாடியில் வெள்ளைக் கூல் டைல்ஸ் பதிக்கிற செலவையும் இதே பட்ஜெட்டில் சேருங்கள்.

ஜன்னலையும் பாருங்கள். உயரமான ஹாலில் மேலே இருப்பது அநேகமாகத் திறக்க முடியாத கண்ணாடி. தளம் போட்ட பிறகு அது புது அறையின் தரையை ஒட்டி வந்து நிற்கும். குழந்தை காலால் உதைக்கிற உயரம். சில வீடுகளில் தளமே கண்ணாடியின் குறுக்கே போகும். திறக்கிற ஜன்னலும் கிரில்லும் திட்டத்திலேயே இருக்கட்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது ஒன்பது அடி. மேலும் கீழும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பால்ஸ் சீலிங் ஆசை அங்கேயே முடிந்துவிடும்.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் வானவெளியை, அதாவது திறந்த நடு முற்றத்தை மூடி மேலே அறை எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சுற்றியுள்ள ஓட்டுச் சரிவுகளின் தண்ணீர் எல்லாம் அங்கேதான் இறங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழையை மனதில் வைத்துத் தகரவாரியையும் குழாயையும் அளவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் கான்கிரீட் பீமை அப்படியே உட்கார வைக்காதீர்கள்.

ஃபேன் கொக்கி, லைட் பாயிண்ட், ஏசி ஒயர் எல்லாம் கான்கிரீட் போடும் முன்பே முடிய வேண்டும். டைல்ஸ் கனத்தைக் கழித்து மட்டம் எடுக்காவிட்டால் புது அறை வாசலில் ஒரு அங்குலப் படி விழும், ராத்திரியில் பெரியவர்கள் தடுக்குவார்கள்.

வீட்டுக்குள்ளேதானே, அனுமதி எதற்கு என்று விட்டுவிடுவதும் தவறு. வெற்றிடமாக இருந்தவரை மாடியில் அது தளப்பரப்பில் சேரவில்லை. மூடினால் சேரும். 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உங்கள் மனைக்கு இன்னும் எவ்வளவு பரப்பு மிச்சமிருக்கிறது என்று இன்ஜினியரிடம் கேட்டு, திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்குங்கள். சொத்து வரியும் அதற்கேற்ப மாறும். நாளை வீட்டை விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ போனால், அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத அறையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.