பங்க் பாட்டில் பேசுவது யார்?

பங்க் (வேகமும் கத்தலுமான ஒரு வகை ராக் இசை) பாட்டைக் கேட்டுவிட்டு "இவன் என்னதான் சொல்ல வர்றான்?" என்று கேட்கும் முன்னால், "இதைச் சொல்றது யாரு?" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பெங்களூரில் இந்திராநகர், கோரமங்கலா பக்கம் சின்னச் சின்ன கச்சேரிகளுக்குப் போகிற நம்ம பசங்க பலரும் டிரம்ஸ் செமையா இருந்தது, கிதார் பின்னிட்டான், வரி மட்டும் ஒண்ணும் புரியல, சும்மா கோவம்தான் என்று சொல்லிவிட்டு மெட்ரோ பிடிக்கப் போய்விடுகிறார்கள். கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது யாருடைய கோபம், யார் வாயில் வைத்துப் பாடப்படுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் வேலைக்கு வேண்டிய சாமான். பாட்டை ஒருமுறை வரி பார்க்காமல் கேளுங்கள். எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே கத்தல் நின்று பேச்சாக மாறுகிறது, எங்கே வாத்தியம் ஒதுங்கிக் குரலை மட்டும் விடுகிறது என்று பாருங்கள், போதும். அப்புறம் வரிகளைத் தேடுங்கள், ஆனால் கண்ட லிரிக்ஸ் தளத்தையும் நம்பாதீர்கள், காதில் விழுந்ததை யாரோ தட்டச்சு செய்ததுதான் பாதி. குழுவின் பேண்ட்கேம்ப் (குழுக்களே தங்கள் இசையைப் போட்டு விற்கும் தளம்) பக்கத்திலோ ஆல்பம் உறையிலோ இருப்பதே அசல். இந்த இசையில் உறை வெறும் அட்டை கிடையாது. இங்கிலாந்தின் கிராஸ் குழு தன் இசைத்தட்டு உறைகளைப் பிரித்தால் போஸ்டராக விரியும்படி செய்து, உள்ளே வரிகளும் கட்டுரைகளுமாக நிரப்பி வைத்தது. கத்தினால் புரியாது என்று அவர்களுக்கும் தெரியும்.

இப்போது ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை. சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். குறுந்தொகைப் பதிப்பைத் திறந்தால் தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று பாட்டோடு குறிப்பு இருக்கும். எழுதிய புலவர் ஆணாக இருப்பார், பேசுவது தலைவியாக இருக்கும், யாரும் குழம்புவதில்லை. பங்க்கில் அந்தக் குறிப்பை யாரும் போட்டுத் தர மாட்டார்கள், நாமே பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபுகாசியின் 'சஜஷன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ல் வந்தது, வாஷிங்டன் டி.சி. குழு. பாடுவது இயன் மக்காய் என்ற ஆண், ஆனால் பாட்டு தொடங்கும்போது 'நான்' என்று பேசுவது தெருவில் நிம்மதியாக நடக்க முடியாத ஒரு பெண். கொஞ்ச நேரத்தில் அந்த 'நான்' காணாமல் போகிறது, 'அவள்', 'அவன்' என்று தள்ளி நின்று பார்க்கிற குரல் வருகிறது. கடைசியில் 'நாம்' வந்துவிடுகிறது, குற்றம் எல்லோர் தலையிலும் விழுகிறது, கேட்டுக்கொண்டு நிற்கிற நீங்களும் அதில் உண்டு. இந்த மூன்று நகர்வுதான் பாட்டு. வரிக்கு வரி அகராதி பார்த்தால் இது கிடைக்காது, 'நான்', 'நீ', 'அவள்', 'நாம்' எல்லாவற்றையும் வட்டம் போட்டுக்கொண்டே வந்தால் தானாக வெளியே தெரியும். எந்தப் பாட்டுக்கும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், நான் வேறு எதையும் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன்.

ஆள் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெட் கென்னடிஸ் என்ற அமெரிக்கக் குழு போதும். 1979-ல் வந்த 'கலிஃபோர்னியா ஊபர் ஆலெஸ்' (எல்லாவற்றுக்கும் மேலே கலிஃபோர்னியா) பாட்டில் பேசுவது அப்போதைய கலிஃபோர்னியா கவர்னர் ஜெர்ரி பிரவுன், அதாவது சர்வாதிகாரியாகக் கற்பனை செய்யப்பட்ட பிரவுன். அது தெரியாமல் கேட்டால் பாடகரே ஏதோ ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார் என்று தோன்றும். 1981-ல் இதே பாட்டை வரி மாற்றி அதிபர் ரீகனைக் கிண்டல் செய்து மறுபடி பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், முகமூடி மாறுவது புரியும். 'கில் தி புவர்' இன்னும் ஒரு படி மேலே. கட்டடம் அப்படியே நிற்க ஆளை மட்டும் கொல்லும் நியூட்ரான் குண்டு வந்துவிட்டது, இனி ஏழைகளை ஒழித்துவிடலாம் என்று பணக்காரக் குரல் ஒன்று குஷியாகக் கொண்டாடுகிறது. நமக்கு இதற்குப் பெயர் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: வஞ்சப்புகழ்ச்சி. கயவர் தேவரைப் போன்றவர், இருவருமே நினைத்ததைச் செய்பவர்கள் என்கிறதே 1073-ஆம் குறள், அதே வேலை. ஒரு பங்க் பாட்டு ஏதோ கொடுமையைச் சந்தோஷமாகப் புகழ்ந்தால் உடனே சந்தேகப்படுங்கள். இதில் ஆபத்தும் உண்டு, கிண்டல் எல்லோருக்கும் பிடிபடாது. நாஜிச் சின்னத்தோடும் அடிதடியோடும் கச்சேரிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, அதே குழு 1981-ல் துளி முகமூடியும் இல்லாமல் நேரடியாகத் திட்டி ஒரு பாட்டே போட வேண்டியிருந்தது.

அடுத்தது ஊரும் வருஷமும். பாட்டு வந்த வருஷத்தைப் பார்த்து, அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அந்த ஊரில் என்ன நடந்தது என்று தேடுங்கள். லண்டன் குழுவான கிளாஷின் 'லண்டன் காலிங்' 1979 டிசம்பரில் வந்தது, அதே வருஷம் மார்ச்சில்தான் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து, தேம்ஸ் ஆறு நகருக்குள் புகுந்துவிடும் என்ற பயமும் லண்டனில் அப்போது இருந்தது. தெரிந்துகொண்டு கேட்டால் உருவகம் மாதிரி இருந்த வரிகள் அன்றைய செய்தித்தாள் மாதிரி ஆகிவிடும். அதே குழுவின் 1977 'ஒயிட் ரயட்' (வெள்ளைக் கலவரம்) பாட்டைத் தலைப்பை மட்டும் பார்த்து வெள்ளை இனவெறி என்று புரிந்துகொண்டவர்கள் உண்டு. 1976-ல் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்கள் போலீஸை எதிர்த்து நின்றதைப் பார்த்து, நம்மாட்கள் ஏன் இப்படிச் சும்மா இருக்கிறார்கள் என்று வெள்ளைக்கார இளைஞர்களைச் சீண்டுகிற பாட்டு அது. மக்காய் ஃபுகாசிக்கு முன்பு பாடிய மைனர் த்ரெட் குழுவின் 'கில்ட்டி ஆஃப் பீயிங் ஒயிட்' (வெள்ளையனாக இருந்த குற்றம்) இன்னும் சிக்கல். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த வாஷிங்டனில் படித்த ஒரு வெள்ளைப் பையனின் பாட்டு, அதை எழுதிய மக்காய் இனவெறிக்கு எதிரானது என்றே சொல்லி வந்திருக்கிறார். 1996-ல் ஸ்லேயர் என்ற மெட்டல் குழு இதைப் பாடியபோது கடைசியில் ஒரு சொல்லை மாற்றியது, அர்த்தமே தலைகீழானது. என்னைக் கேட்டால், அவ்வளவு சுலபமாகத் தலைகீழாக்க முடிகிற பாட்டில் எழுதியவர் பக்கமும் கொஞ்சம் ஓட்டை இருக்கிறது.

ஊர் என்றதும் இன்னொன்று. அட் தி டிரைவ்-இன் குழு டெக்சஸின் எல் பாசோ ஊர்க்காரர்கள், எல்லையைத் தாண்டினால் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ். அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போய் வந்த பெண்கள் உட்பட ஏராளமான பெண்கள் கொல்லப்பட்டது பற்றித்தான் 2000-ல் வந்த 'இன்வாலிட் லிட்டர் டிப்ட்.' வெறும் வரியாகப் படித்தால் துண்டு துண்டான படிமங்கள், எதோடும் எது ஒட்டுகிறது என்றே தெரியாது. ஹுவாரெஸ் என்ற ஒரு பெயரை வைத்ததும் எல்லாம் நகர்ந்து தன்தன் இடத்தில் உட்காரும். பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் ஷிப்ட் முடிந்து கார்மென்ட்ஸ் பெண்கள் கூட்டமாக நடந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

பங்க்கிலிருந்து கிளைத்த போஸ்ட்-ஹார்ட்கோர் பாணிக்கு வந்தால் கதை தேடாதீர்கள், கிடைக்காதபோது கோபம்தான் வரும். பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கி ஒரு தாளில் எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சாமான்கள் அதிகமா, வண்டி விபத்தா, கடலா, இயந்திரமா என்று பார்த்தால் பாட்டு எந்த உலகத்தில் நடக்கிறது என்று தெரியும். ஆல்பம் தலைப்பையும் விடாதீர்கள். டச்சே அமோரே குழுவின் 2016 ஆல்பம் பெயர் 'ஸ்டேஜ் ஃபோர்', நான்காம் கட்டம். அவர்களுடைய நான்காவது ஆல்பம் என்பதற்காக மட்டும் அப்படி வைக்கவில்லை, பாடகரின் தாய் புற்றுநோயில் இறந்ததைச் சுற்றித்தான் ஆல்பம் முழுக்க.

பேட்டி பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் கடைசியாக. மைனர் த்ரெட்டின் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' வெறும் 46 விநாடிப் பாட்டு, சில்க் போர்டு சிக்னல் விழுவதற்குள் நாலைந்து முறை கேட்டுவிடலாம். குடிக்கவில்லை, போதை வேண்டாம் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னது, கேட்டவர்கள் கையில் ஓர் இயக்கமாகவே ஆகிவிட்டது. 'அவுட் ஆஃப் ஸ்டெப்' பாட்டில் 'நான்' என்பதை விட்டுவிட்டுப் பாடியதால் "செய்யாதே" என்ற கட்டளையாக விழுந்தது, அதனால் 1983 பதிவில் பாட்டுக்கு நடுவே மக்காய் நின்று, இது சட்டம் கிடையாது என்று பேசியே சொல்ல வேண்டி வந்தது. அப்படிச் சொல்லியும் சட்டமாக எடுத்துக்கொண்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக்கு எழுதியவர் சொல்லும் பொருள் ஒன்று, கேட்டவர்கள் வாழ்ந்து காட்டிய பொருள் ஒன்று. இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்காதீர்கள்.

எதில் ஆரம்பிப்பது என்றால், முதலில் 'சஜஷன்', வார்த்தைகள் தெளிவாகக் கேட்கும். அப்புறம் 'கில் தி புவர்'. இரண்டும் பழகியபின் லா டிஸ்ப்யூட் குழுவின் 'கிங் பார்க்', 2011. ஒரு துப்பாக்கிச் சூட்டை உடலே இல்லாத சாட்சி மாதிரி மிதந்து பார்க்கிற குரலில் தொடங்கி, சுட்டவன் ஒளிந்திருக்கும் ஹோட்டல் அறை வரை போகிறது. கடைசியில் கத்திக் கேட்கப்படும் கேள்வி யாருடையது என்று உங்கள் தாளின் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஏழு நிமிடம் ஓடும், ஆபீஸ் கேபில் போடாதீர்கள், நடுவில் போன் வந்தால் மறுபடி முதலிலிருந்துதான் கேட்க வேண்டும்.